வேலு குளத்துக்குக் கல் பார்த்த கதை

ஜொகூரின் மாசாய் வட்டாரத்தில் புதுவீட்டு விருந்துக்கு ஸ்டானிஸ்லாஸைக் கூப்பிட யாரும் துணியமாட்டார்கள். கூப்பிட்டால் வந்துவிடுவார், வந்தால் சும்மா இருக்கமாட்டார். சட்டைப் பையில் கண்மருந்து பாட்டில் மாதிரி ஒன்று வைத்திருப்பார். அதில் இருப்பது கண்மருந்து அல்ல, தண்ணீர் கலந்த அமிலம். கல் என்று எதைக் கண்டாலும் அதன்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. மச்சினன் கால்வின் ஆசை ஆசையாக ஹாலுக்கு மார்பிள் போட்டு, வீடு மந்திரிக்க ஃபாதரைக் கூட்டி வந்தான். எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்போது இவர் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலையைக் காட்டிவிட்டார். தரை புசுபுசுவென்று நுரைத்தது. "அசல் மார்பிள்தான்டா, உன்னை ஏமாத்தல," என்று கால்வின் காதில் சந்தோஷமாகச் சொன்னார். அந்த இடத்தில் விழுந்த வெள்ளைத் தழும்பை ஒரு பூந்தொட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். கால்வின் மனைவி இன்னும் அவருடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பிழைப்பே அதுதான். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் லேப்பில் சுரங்கக் கற்களைச் சோதிக்கிற வேலை. மலையை உடைத்துத் தாதுவை எடுத்துக்கொள்கிறவர்கள், வேண்டாத பாறையை ஓர் ஓரமாகக் கொட்டி வைப்பார்கள். அந்தப் பாறைக்குள் கந்தகம் ஒளிந்திருக்கும். மலைக்குள் கிடக்கிறவரை அது பரம சாது. வெளியே வந்து காற்றும் மழையும் பட்டால் போதும், அமிலத்தைக் கக்கத் தொடங்கிவிடும். ஓடைத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும், மீன் செத்து மிதக்கும். எல்லாக் கல்லும் அப்படி இல்லை. சில கல்லில் சுண்ணாம்பும் சேர்ந்தே இருக்கும். கந்தகம் கக்குவதை எல்லாம் அது விழுங்கித் தண்ணீரைக் காப்பாற்றிவிடும். சண்டைக்கார மாமியாரும் பொறுமைசாலி மருமகளும் ஒரே வீட்டில் இருப்பது போலத்தான். கடைசியில் யார் கை ஓங்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் ஸ்டானிஸ்லாஸுக்குச் சம்பளம்.

கொடுமை என்னவென்றால், அவரிடம் வருகிற கல்லில் முக்கால்வாசி மாமியார் கட்சி. அதனால் அவர் வாயிலிருந்து வருகிற பதில் எப்போதும் 'ஆகாது' என்பதுதான். இங்கே கொட்டலாமா? ஆகாது. ரோட்டுக்குப் போடலாமா? ஆகாது. ஆகாது என்று சொல்கிறவனுக்கு எந்த ஊரில் மாலை போட்டிருக்கிறார்கள்? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒருத்தர்கூட அவரைப் பார்த்து நல்லாயிருங்க என்று சொன்னதில்லை. வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், ஆனால் அந்தக் குறை அவருக்கு நிறையவே இருந்தது.

இப்படிப்பட்டவரைத்தான் மெர்சிங்குக்குத் தெற்கே, ஒரு சின்ன இரும்புச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சுற்றுச்சூழல் விவகாரங்களைப் பார்ப்பவர் சிறீகாந்தன். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. அவருக்கு இருந்த ஒரே தலைவலி, கழிவுப் பாறையைக் கொட்ட இடம் இல்லாதது. சுரங்கத்துக்குக் கீழே திலாப்பியா மீன் குளம் வைத்திருந்த வேலுவுக்கோ அதற்கு நேர் எதிரான தலைவலி.

"என் கரை வெறும் மண்ணு சார்," என்றார் வேலு. "ஒவ்வொரு தெங்குஜோ மழைக்கும் கரைஞ்சு போயிரும். போன வருஷம் பாதி மீனு ஆத்துக்குப் போயிருச்சு. பக்கத்துக் கம்பத்து ஊருக்காரங்க எல்லாரும் வலை போட்டுப் புடிச்சாங்க. நல்லவங்கதான் லா, எனக்கும் ரெண்டு கொண்டாந்து குடுத்தாங்க, பொரிச்சு."

"அங்கிள், நீங்க ஓகே சொல்லிட்டா நான் லாரியில கல்லை அனுப்பிருவேன்," என்றார் சிறீகாந்தன். "அவருக்குக் கரை, எனக்கு எடம். ரெண்டு பேருக்கும் நல்லது."

கல்லைப் பொடித்து லேப்பில் சோதித்தபோது வழக்கமான பதிலே வந்தது. புளிக்கும் கல், அதாவது அமிலம் கக்கும் கல், ஆகாது. ஆனால் லேப்பில் பொடித்த கல் ஒரு விதமாகவும், மழையில் கிடக்கிற முழுக்கல் வேறு விதமாகவும் நடந்துகொள்வது உண்டு. வேலு முகத்தைப் பார்த்த ஸ்டானிஸ்லாஸுக்கு உடனே ஆகாது என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு டிரம் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் தாது, மற்றதில் கழிவுப் பாறை. மேலே திறந்த வாய், அடியில் ஒரு குழாய். மழை மேலே விழும், கல்லுக்குள் இறங்கும், குழாய் வழியாக வரும் தண்ணீரை வாரா வாரம் பிடித்துப் புளிப்பு பார்க்கலாம். தாது டிரம் வேலியோரம் போய்விட்டது. கழிவுப் பாறை டிரம்மை, மழை தடையில்லாமல் விழும் என்று, கேன்டீனின் சமையல் குசினிக்குப் பின்னால் செங்கல் அடுக்கி அதன்மேல் உயரமாக நிறுத்தினார்கள். குசினி கட்டைக்கால் மேல் நின்ற பலகைக் கட்டடம். அதன் ஜன்னல் சரியாக டிரம் வாய்க்கு மேலே இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் குள்ளமானவர். கீழே இருந்த குழாயோடு அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. டிரம்மின் வாயை அவர் பார்த்ததே இல்லை.

கேன்டீன் நடத்தியவர் வேலுவின் மனைவி பேச்சியம்மாள். ஸ்டானிஸ்லாஸ் வெள்ளிக்கிழமைதோறும் வருவார். வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடமாட்டார். அவர் வீட்டுப் பழக்கம் அப்படி.

"நாங்களும் வெள்ளிக்கிழமை சைவம்தான் சார். சாம்பார் ஊத்தவா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"இறைச்சிதான்மா ஆகாது. மீனு, கெராங் எல்லாம் சாப்பிடலாம்."

"அது என்னா வெரதம் சார்? கெராங்கு சாமி கண்ணுக்குத் தெரியாதா?"

"கடல்ல இருக்கறது கணக்குல வராதும்மா," என்றார் ஸ்டானிஸ்லாஸ், கொஞ்சம் வெட்கத்தோடு.

பேச்சியம்மாளுக்கு இந்த விரதம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து மெர்சிங் படகுத்துறையில் கெராங் சிப்பி வாங்கிவந்து, அவருக்கு மட்டும் தனியாகச் சம்பல் செய்தார். தான் விரதம் என்பதால் உப்புப் பார்க்காமல் சமைப்பார். அதனால் ஒரு வாரம் கரிக்கும், மறுவாரம் சப்பென்று இருக்கும். ஸ்டானிஸ்லாஸ் இரண்டையும் ஒரே ஆவலோடு சாப்பிட்டார். கேன்டீனில் மற்றவர்கள் கோழி கடித்துக்கொண்டிருக்க, இவர் முன்னால் மட்டும் சிப்பி ஓடு மலையாகக் குவியும்.

வாரங்கள் போயின. வேலியோர டிரம்மில் தண்ணீர் எதிர்பார்த்தபடி புளிக்க ஆரம்பித்தது. கழிவுப் பாறை டிரம்மோ அசையவில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர். சில வாரம் சோப்புத் தண்ணீர் பக்கம்கூடச் சாய்ந்தது. லேப்பில் அப்படிப் புளித்த கல், வெளியில் இப்படி நல்ல பிள்ளையாக இருப்பதைப் பார்த்து ஸ்டானிஸ்லாஸ் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. முழுக்கல்லில் சுண்ணாம்பு வரி ஓடுகிறது போலும், பொடிக்கும்போது நம் கையில் அகப்படவில்லை போலும் என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். ஒருவனுக்கு ஆசை வந்துவிட்டால் விளக்கத்துக்கா பஞ்சம்?

"எப்படி அங்கிள்?" என்று சிறீகாந்தன் கேட்டபோது, "ஆகும் போலத்தான் தெரியுது," என்று வாயை விட்டார். சொல்லும்போதே வாய் இனித்தது. வேலு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிருங்க சார்," என்றார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஸ்டானிஸ்லாஸ் காரில் தனியாகப் பாட்டுப் பாடினார். வீட்டுக்குள்ளும் பாட்டு நிற்கவில்லை. அவர் பாடிக் கேட்டதில்லை என்பதால் மனைவி மிஷேல் அன்றிரவு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தெங்குஜோ பருவமழை நெருங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை ஸ்டானிஸ்லாஸ் கெராங் சாப்பிட்டுவிட்டு, கடைசிச் சோதனைக்காக டிரம் பக்கம் போனார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. தட்டினார். குச்சியை விட்டுக் குடைந்தார். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ சொட்டியது. வேறு வழியில்லாமல் கேன்டீனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துவந்து, அதன்மேல் ஏறி, முதல்முறையாக டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்துத் தலைக்குமேல் ஜன்னல் திறந்தது. ஒரு தட்டுச் சிப்பி ஓடு சடசடவென்று அவர் தலையில் கொட்டியது. பின்னாலேயே ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலும் வந்தது.

"ஐயோ, சாரா?" என்றார் பேச்சியம்மாள். "அங்க ஏன் சார் நிக்கிறீங்க?"

ஸ்டானிஸ்லாஸ் டிரம்முக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் சாம்பல், காதுக்குப் பின்னால் ஒரு சிப்பி. டிரம்முக்குள் கல்லைக் காணவில்லை. கண்ணுக்கெட்டியவரை ஓடுதான், அடுக்கடுக்காக, நடுநடுவே சாம்பல்.

"இதுல எவ்ளோ நாளாம்மா கொட்றீங்க?"

"நீங்க வந்ததுலேருந்துதான் சார். கீழ போட்டா கால்ல குத்துது, நாத்தத்துக்கு பியாவாக் உடும்பு வருது. மீதி எல்லாம் மீனுக்குப் போயிரும், இந்த ஓட்டை மீனு திங்காதே. குப்பைத்தொட்டி இங்கயே வச்சுட்டாங்களேன்னு நெனச்சேன். நாத்தம் வரக்கூடாதுன்னு சாம்பலும் தூவுனேன், சுத்தமாத்தான் வச்சிருக்கேன்."

சிப்பி ஓடு என்பது அசல் சுண்ணாம்பு. சாம்பலும் புளிப்புக்குப் பரம எதிரி. மாமியார் கக்கியதை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த பொறுமைசாலி மருமகள் கல்லுக்குள் இருக்கவே இல்லை. தன் தட்டிலிருந்துதான் வாரா வாரம் போயிருக்கிறாள் என்பது ஸ்டானிஸ்லாஸுக்கு விளங்கியது. அப்படியே நாற்காலி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது வழுக்கி அவரைக் கீழே தள்ளியது.

எழுந்ததும் முதல் வேலையாகச் சிறீகாந்தனுக்குப் போன் போட்டார். "அந்தக் கல்லு ஆகாது தம்பி. குளத்துக்கு அனுப்பாதீங்க."



"அங்கிள், தீபாவளிக்குப் பரிசா நேத்தே ஒரு லாரி அனுப்பிட்டேனே."

அலமாக் என்று தலையில் கை வைத்தார் ஸ்டானிஸ்லாஸ். மெர்சிங் பக்கம் வானம் கறுத்திருந்தது. மழை கொட்டினால் அந்த ஒரு லாரிக் கல்லின் கழிவு வாய்க்காலைத் தேடிப் போகத் தேவையில்லை, நேராகக் குளத்தில்தான் இறங்கும். பிறகு வேலுவின் மீனைக் கம்பத்துக்காரர்கள் வலை போட்டுப் பிடிக்க வேண்டிய அவசியம் இருக்காது, கரண்டி போதும். தலையில் சாம்பலோடு அவர் குளத்துக்கு ஓடினார். பின்னால் பேச்சியம்மாள் மண்வெட்டியோடு ஓடினார். சிறீகாந்தன் பளபளக்கும் சப்பாத்தோடு வந்து இறங்கி, இரண்டாவது கூடையிலேயே ஒரு சப்பாத்தைச் சேற்றுக்குக் கொடுத்தார்.

வேலு மட்டும் நகரவில்லை. கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஓடு போட்டா தண்ணி நல்லாயிருது, அதானே சார்? அப்ப கரை பூரா ஓடு போட்ருவோம்."

ஸ்டானிஸ்லாஸ் அதையும் விடவில்லை. கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஒரு லாரி கல்லுக்கு நான் ஆயிரம் தட்டு கெராங் சாப்பிடணும் வேலு. அதுவும் கொஞ்ச காலத்துல ஓட்டு மேல துரு படிஞ்சு வேலை செய்யாது."

"வாரத்துல ஒரு நாள்தானே வர்றீங்க," என்றார் பேச்சியம்மாள் யோசனையோடு.

தூறல் தொடங்கவே வேலுவும் கூடையை எடுத்தார். கல்லைக் கையாலும் கூடையாலும் அள்ளி லாரியில் திரும்ப ஏற்றி முடிக்கும்போது எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் குளத்துத் தண்ணீரில் புளிப்பு காட்டும் காகிதத்தை முக்கிப் பார்த்தார். கெடுதல் ஒன்றுமில்லை.

"லேப்புல மொதல்லயே ஆகாதுன்னு வந்துச்சாமே," என்றார் வேலு, மூச்சு வாங்கிக்கொண்டு. "அப்பறம் ஏன் சார் ஆகும்னீங்க?"

"ஆசை வேலு," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "ஒரு தடவையாச்சும் யாருக்காவது ஆகும்னு சொல்லணும்னு ஆசை. அதான் கண்ணை மறைச்சிருச்சு."

வேலு தலையாட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். கையைப் பிடிக்கவில்லை. அது ஸ்டானிஸ்லாஸுக்கு வலித்தது. தலையில் விழுந்த சிப்பி அத்தனை வலிக்கவில்லை.

மறுநாளே அவர் சிறீகாந்தனைப் பிடித்துக்கொண்டார். மலை முழுக்க ஒரே கல்லாகவா இருக்கும்? கண்மருந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு, கண்ட கல்லில் எல்லாம் ஒரு சொட்டு விட்டபடி பள்ளமும் மேடுமாக ஏறி இறங்கினார். அட்டைகள் அவர் காலில் விருந்து சாப்பிட்டன. மலையின் பின்பக்கம், தாது இல்லை என்று முன்பே கைவிட்ட வெட்டு ஒன்றில், சாம்பல் வெள்ளையில் ஒரு பாறை கிடந்தது. சொட்டு விட்டதும் புசுபுசுவென்று நுரைத்தது. ஸ்டானிஸ்லாஸ் அந்தக் கல்லுக்கு ஒரு முத்தம் கொடுத்ததாகச் சிறீகாந்தன் இன்றைக்கும் சொல்கிறார். ஸ்டானிஸ்லாஸ் மறுக்கிறார். லேப்பில் அதைப் பொடித்து ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தார். கந்தகம் பேருக்குத்தான் இருந்தது, மீதியெல்லாம் சுண்ணாம்பு.

"வேலு, இந்தக் கல்லு ஆகும்," என்று ஒரு கோணிப்பையைக் கொண்டுபோய்ச் சந்தோஷமாகக் கரையில் இறக்கினார்.

வேலு கல்லைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நீங்க சொல்றது இருக்கட்டும் சார். என் மீனு சொல்லட்டும்."

ஒரு நீலப் பக்கெட் வந்தது. பாதிக்குக் கல், மேலே தண்ணீர், காற்றுக்கு ஒரு சின்ன மோட்டார், உள்ளே ஒரு திலாப்பியா. ஒரு வாரம் இது உயிரோடு இருந்தால் லாரியை வரவிடுவதாக வேலு சொல்லிவிட்டார். ஊரில் இருக்கிற கல்லுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன மனிதருக்கு இப்போது ஒரு மீன் தீர்ப்புச் சொல்லப்போகிறது. ஸ்டானிஸ்லாஸ் லீவு போட்டு மெர்சிங்கில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டார்.

முதல் நாள் மீன் அடியில் போய் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. போட்ட தீனியையும் தொடவில்லை. ஸ்டானிஸ்லாஸ் கைப்பேசியை எடுத்தார். மிஷேலுக்குப் போன் செய்து, ஜெபக்கூட்டத்தில் ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

"யாருக்கு முடியல?" என்று பதறினார் மிஷேல்.

"வேலு வீட்டுல ஒருத்தருக்கு."

"வயசு என்னா?"

"ஆறு மாசம் இருக்கும்."

ஜெபக்கூட்டத்துப் பெண்கள் அன்று கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். அவர்களில் கால்வினின் மனைவியும் ஒருவர். உண்மை தெரிந்தபிறகு அவருக்கு ஸ்டானிஸ்லாஸ்மேல் இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று.

மறுநாளும் மீன் சாப்பிடாததைப் பார்த்துவிட்டு வேலு பக்கத்தில் வந்து நின்றார். "சார், நீங்க நாள் பூரா இப்படிக் குனிஞ்சு எட்டிப் பார்த்தா அது எப்படி சார் சாப்பிடும்? நானே சாப்பிடமாட்டேன்." அவரைக் கையைப் பிடித்து நகர்த்தி, ஒரு செம்பனை மரத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அரை மணி நேரத்தில் தீனி காலி. பிறகு இருவரும் அந்த மரத்துக்குப் பின்னாலேயே தினமும் உட்கார்ந்து, பேச்சியம்மாள் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, பக்கெட்டைப் பார்த்தார்கள். இடையில் இரண்டு நாள் மழை அடித்தது. மண் கரையில் ஓர் ஓரம் சரிந்தது. வேலு அதைப் பார்த்தார், ஆனாலும் லாரியைக் கூப்பிடவில்லை. ஸ்டானிஸ்லாஸும் அவரை அவசரப்படுத்தவில்லை. மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பக்கெட்டைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வாரத்தின் கடைசி நாள் காலை, மோட்டாரைச் சரிசெய்யப் பக்கெட்டைக் கொஞ்சம் நகர்த்தியதுதான் தாமதம், மீன் துள்ளி வெளியே விழுந்து, கரைச் சேற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஸ்டானிஸ்லாஸ் பாய்ந்து பிடிக்கப் போக, அது கையிலிருந்து வழுக்கி இன்னும் தூரம் போயிற்று. வேலு நிதானமாகக் குனிந்து செவுளுக்குப் பின்னால் பிடித்துத் தூக்கினார். செவுளைத் திறந்து பார்த்தார், நல்ல சிவப்பு. கொழுத்தும் இருந்தது. குளத்தில் விட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"லாரியை வரச் சொல்லுங்க சார்."

ஸ்டானிஸ்லாஸ் கைப்பேசியை எடுத்துச் சிறீகாந்தனைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஹலோ என்று கேட்டதும் அவர் கண் நிறைந்துவிட்டது. சொல்ல வந்த ஒரே வார்த்தையும் வெளியே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வேலுவிடம் நீட்டினார்.

வேலு அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்து, "சார் ஆகும்னு சொல்றாரு," என்றார்.

"யாரு பேசறது?" என்று சிறீகாந்தன் கேட்டுக்கொண்டே இருந்தார்.